பிரான்சைஸ் புரோக்கர்: சொல் விளக்கம்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் 'பிரான்சைஸ் எடுத்திருக்கார்' என்றுதான் சொல்வார்கள். 'வாங்கியிருக்கார்' என்பது குறைவு. 'எடுத்தல்' சரியான வினை. மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுக்கிறோம், வாரச்சந்தைச் சுங்கத்தை ஏலம் எடுக்கிறோம். கெடு முடிந்தால் மரம் தோப்புக்காரருக்கு, சந்தை ஊராட்சிக்கு. டீக்கடையோ பேக்கரியோ பிரியாணிக் கடையோ, ஒரு பிராண்டின் பெயரை எடுத்து நடத்துவதும் இப்படித்தான். ஒப்பந்தம் முடிந்த அன்று பெயர்ப்பலகை கம்பெனிக்குப் போகும். மேசையும் பிரிட்ஜும் மட்டும் நமக்கு மிஞ்சும்.

சொல்லின் வேர் பிரெஞ்சு. 'பிராங்க்' என்றால் கட்டற்றவர். அதிலிருந்து வந்த பிரான்சைஸ் முதலில் விடுதலையையும், பிறகு சலுகையையும் குறித்தது. இடைக்கால இங்கிலாந்தில் சந்தை கூட்டவும் ஓடத்துறை நடத்தவும் அரசர் ஒருவருக்குத் தரும் உரிமைக்கு அதுவே பெயர். அந்தப் பொருளில் பார்த்தால் நம்மூர்ச் சந்தைச் சுங்கக் குத்தகைதாரரும் பிரான்சைஸ்காரர்தான். வாக்குரிமை என்ற பொருள் தனிக் கிளையாகப் பிரிந்தது. இன்னொருவரின் பெயரிலும் செய்முறையிலும் நம் முதலைப் போட்டுக் கடை நடத்தும் அனுமதி என்ற வணிகப் பொருள் பின்னால் வந்தது.

இதற்குத் தமிழில் 'கிளை' என்று எழுதுவது தவறு. கிளை என்றால் முதலும் நட்டமும் தலைமைக் கடையுடையது. இங்கே இரண்டும் உங்களுடையவை. 'தனியுரிமை' என்றால் அந்தரங்க உரிமை என்ற பொருளோடு குழம்பும். 'வணிகப் பெயருரிமை', சுருக்கமாகப் 'பெயருரிமை', பொருந்துகிறது. தருபவர் பெயருரிமையாளர், எடுப்பவர் பெயருரிமை எடுப்பவர். அப்படியானால் இந்த இருவரையும் சேர்த்துவைக்கும் பிரான்சைஸ் புரோக்கர் பெயருரிமைத் தரகர்.

புரோக்கர் ஆங்கிலத்துக்கு ஆங்கிலோ-நார்மன் வழியாக வந்த சொல். மதுப் பீப்பாயைத் திறந்து சில்லறையில் விற்றவர் என்பது அதன் பழம்பொருளாகச் சொல்லப்படுகிறது. ஓசூர்ப் பக்கம் கன்னடம் பேசுவோர் வாயில் 'தல்லாளி' என்று கேட்கலாம். அது அரபு 'தல்லால்', வழிகாட்டுபவர். நம் சொல் தரகு. கேரளத்தில் 'தரகன்' குடும்பப் பெயராகவே நிலைத்திருக்கிறது. அரசு அலுவலகச் சுவர்களில் 'இடைத்தரகர்களை நம்பாதீர்' என்று எழுதி எழுதி இந்தச் சொல்லுக்கு ஒரு கறை ஏறிவிட்டது. அதனால்தான் பெயருரிமை விற்க வருபவர் தன்னைக் 'கன்சல்டன்ட்' என்கிறார். ஆலோசகர் என்ற சொல்லை, வியாபாரம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் உங்களிடமே கூலி வாங்குபவருக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகரைப் பாருங்கள். ஒரு கை விற்பவரிடம், அடுத்து அதே கை வாங்குபவரிடம். தொகை வெளியே தெரியாது, ஆனால் தரகு யார் தருகிறார் என்பது இரு பக்கத்துக்கும் தெரியும். நிலத் தரகிலும் அப்படித்தான். பெயருரிமைத் தரகில் இது மறைந்துபோகிறது. எடுப்பவரிடம் 'உங்களுக்கு இலவச சேவை' என்பார்கள். தரகு, நீங்கள் கம்பெனிக்குக் கட்டும் நுழைவுக் கட்டணத்திலிருந்து போகிறது. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 182ஆம் பிரிவு, இன்னொருவருக்காகச் செயல்பட அமர்த்தப்பட்டவரை முகவர் என்கிறது. தரகர் யாரால் அமர்த்தப்பட்டவர் என்று பார்த்தால் அவர் யார் பக்கம் என்பது புரியும். ஆகவே முதல் சந்திப்பிலேயே, யார், எவ்வளவு, எப்போது தருகிறார்கள் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். அதிகத் தரகு தரும் பிராண்டையே அவர் முதலில் காட்ட வாய்ப்புண்டு.

அமெரிக்காவில் கையெழுத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பே, 23 தலைப்புகளில் கம்பெனியின் விவரங்கள் அடங்கிய ஆவணத்தைத் தந்தாக வேண்டும். இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. அந்த விவரங்களை நாமேதான் கேட்டு வாங்க வேண்டும்.

பெரும்பாலும் கெடுவது 'டோக்கன்' தொகையில். 'இந்த ஊருக்கு இன்னொருத்தர் கேட்கிறார்' என்று அவசரப்படுத்தி, தரகரின் சொந்தக் கணக்குக்கு ஐம்பதாயிரம் அனுப்பச் சொல்வார்கள். ஒப்பந்த நகல் அதற்குப் பிறகுதான் வரும். முறை இதற்கு நேர் எதிர்: முதலில் முழு நகல், பிறகு வக்கீல், கடைசியில் பணம். அதுவும் கம்பெனியின் வங்கிக் கணக்குக்கு, ரசீதோடு, எந்தச் சூழலில் திரும்பக் கிடைக்கும் என்ற வரியோடு.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். நுழைவுக் கட்டணம் 5 லட்சம் என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. 90,000. உணவகம் 5 சதவீத ஜி.எஸ்.டி.யில் இயங்கினால் உள்ளீட்டு வரிக் கழிவு, அதாவது கட்டிய வரியை நாம் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது. அந்த 90,000 திரும்பாத செலவு. ராயல்டி, அதாவது பெயரைப் பயன்படுத்துவதற்காகக் கம்பெனிக்குத் தொடர்ந்து கட்டும் பங்கு, பெரும்பாலும் விற்பனையின் மேல் கணக்கிடப்படுவது, லாபத்தின் மேல் அல்ல. மாதம் 3 லட்சம் விற்பனை, 6 சதவீத ராயல்டி என்றால் 18,000, அதற்கு வரி 3,240. கடை நட்டத்தில் ஓடினாலும் 21,240 போய்விடும். தரகர் காட்டும் 'மாத வருமானம்' வாடகை, கூலி, ராயல்டி கழித்ததா கழிக்காததா என்று கேளுங்கள். பெங்களூரு கடையின் விற்பனையைத் தருமபுரிக்கு அப்படியே பொருத்திக் காட்டுவது வழக்கம். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிகளெல்லாம் உங்கள் கடை வாசலில் நிற்காது.

அவர் காட்டும் கடைக்காரர்களோடு நிறுத்தாமல், நீங்களாகத் தேடி இருவரிடம் பேசுங்கள். அதில் ஒருவர் கடையை மூடியவராக இருக்கட்டும். மூடியதன் காரணம் அவருக்குத்தான் தெரியும். பிராண்டின் வணிகக்குறி (டிரேட்மார்க்) பதிவாகிவிட்டதா, ஆட்சேபத்தில் நிற்கிறதா என்பதை அரசின் வணிகக்குறித் தேடல் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உணவகச் சேவை 43ஆம் வகுப்பில் வரும். பெயரே பதிவாகாமல் இருந்தால் பெயருரிமைக்கு என்ன பொருள்?

ஒப்பந்தத்தில் எல்லை பற்றிய வரியைத் தனியே படியுங்கள். 'கிருஷ்ணகிரி' என்று மட்டும் இருந்தால் நகரமா மாவட்டமா? மாவட்டம் என்றால் ஓசூரும் சேரும், நகரம் என்றால் ஓசூரில் வேறொருவர் திறக்கலாம். காவேரிப்பட்டணத்தில் திறந்தால் என்ன என்பதையும் எழுத வேண்டும். எத்தனை கிலோமீட்டர், எந்தெந்த ஊர் என்று பெயரோடு இருக்கட்டும். ஸ்விக்கி, ஜொமாட்டோ ஆர்டர்கள் யார் எல்லையில் சேரும் என்பதும் இப்போது தேவையான வரி.

கடை வாடகைக் கெடுவும் இதோடு சேர்ந்தது. பெயருரிமை 5 ஆண்டு, கடை ஒப்பந்தம் 11 மாதம் என்று இருந்தால், கட்டட உரிமையாளர் காலி செய்யச் சொல்லும் நாளில் இன்டீரியர் செலவு சுவரோடு போய்விடும். தரகரின் வேலையோ நீங்கள் கையெழுத்திட்ட அன்றே முடிந்திருக்கும். இரண்டு கெடுவும் ஒன்றாக ஓடும்படி வாடகை ஒப்பந்தத்தை முன்கூட்டியே நீட்டிப் பதிவு செய்த பிறகு பெயருரிமையில் கையெழுத்துப் போடுங்கள்.