மூன்றாம் நாள் பதற்றம்

சளி பிடித்தால் முதலில் தொண்டை கரகரக்கும், அப்புறம் மூக்கு தண்ணீராக ஒழுகும். அதுவரை பொறுமையாக இருப்பவர்கள்கூட மூன்றாம் நாள் கைக்குட்டையில் பச்சையாகக் கெட்டிச் சளியைப் பார்த்ததும் பதறிப்போகிறார்கள். ஆன்டிபயாடிக் தேடுவது பெரும்பாலும் அன்றைக்குத்தான். அந்தப் பச்சை நிறம் நம் வெள்ளணுக்களுடையது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவுக்குள் இரும்புச்சத்துள்ள நொதி ஒன்று இருக்கிறது. அதன் நிறமே பச்சை. அந்த அணுக்கள் கூட்டமாக வந்து, வேலை முடிந்து, சளியோடு வெளியேறுகின்றன. நிறத்தை மட்டும் வைத்து பாக்டீரியா என்று முடிவுகட்ட முடியாது. வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது.

ஜலதோஷம் என்பது உடலில் தேங்கிய கழிவு வெளியேறுவது என்று பழைய இயற்கை மருத்துவர்கள் சொன்னார்கள். இன்றைக்கும் அதை அப்படியே ஒப்பிப்பது தவறு. வருவது வைரஸால், அவற்றில் அதிகம் தொற்றும் ரைனோவைரஸில் மட்டுமே நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஆனால் அவர்கள் கவனித்ததில் ஒன்று நிற்கிறது: தும்மல், ஒழுகல், அடைப்பு, அசதி எல்லாம் பெரும்பாலும் வைரஸை எதிர்த்து உடல் செய்யும் வேலைகள். அந்த வேலை உச்சத்தில் இருப்பது இரண்டாம், மூன்றாம் நாட்களில். பிறகு தானாகவே இறங்கி, ஏழிலிருந்து பத்து நாளுக்குள் முடியும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கலாம்.

மூக்கின் உட்சுவரில் மெல்லிய சளிப் படலமும் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்மயிர்களும் உண்டு. படலம் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் தொண்டைப் பக்கம் நகர்ந்தபடியே இருக்கும். சளி காய்ந்து இறுகினால் இந்த ஓட்டம் மந்தமாகிவிடும். ஆகவே மருத்துவம் என்று நாம் செய்ய வேண்டியது பெரும்பாலும் ஈரத்தைக் காப்பதுதான். மூக்கை வறளச் செய்யும், தூக்கம் வரவைக்கும் ஜலதோஷ மாத்திரைகள் இதற்கு நேர் எதிராக வேலை செய்கின்றன. அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தும் சில நாட்களைத் தாண்டினால், நிறுத்தியவுடன் மூக்கு முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும்.

மூக்கைக் கழுவுவது நல்ல உதவி. தப்பாகச் செய்தால் தொல்லை. தண்ணீரை நன்கு கொதிக்க வைத்து, வெதுவெதுப்பாகும்வரை ஆறவிட வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே விடக் கூடாது. அரிதாக அதில் இருக்கும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போய் உயிரையே பறித்திருக்கிறது. அரை லிட்டருக்கு நாலரை கிராம் உப்பு, அதாவது மட்டமாக முக்கால் டீஸ்பூன் தூள் உப்பு. குறைந்தாலும் எரியும், கூடினாலும் எரியும். குனிந்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி மேல் துளையில் ஊற்றினால் கீழ்த் துளை வழியாக வரும். அப்போது பேசவோ விழுங்கவோ கூடாது. முழுக்க அடைத்திருந்தால் அழுத்தி ஊற்ற வேண்டாம், தண்ணீர் காதுப் பக்கம் போகும்.

மூக்கைச் சிந்துவதற்கும் முறை உண்டு. இரண்டு துளைகளையும் பொத்திக்கொண்டு முழு பலத்தோடு சிந்தினால் சளி வெளியே வருவதற்குப் பதில் சைனஸ் அறைகளுக்குள் ஏறுகிறது. மெதுவாக, ஒரு பக்கமாகச் சிந்தினால் போதும்.

மூக்கடைப்பும் தலைபாரமும் இருக்கும்போது சூடான பாதக் குளியல் இதமாக இருக்கும். சுமார் 40 டிகிரி வெந்நீரில் கணுக்காலுக்கு மேல் மூழ்கும்படி 10 முதல் 15 நிமிடம், தலையில் ஈரத் துணி, முன்னதாக ஒரு டம்ளர் தண்ணீர். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் தொடவே கூடாது. சூடு உறைக்காமலேயே கால் வெந்துவிடும். இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்டுச் செய்யட்டும். ஆவி பிடிப்பதும் சிறிது நேர இதம்தான், நோய்நாட்களைக் குறைக்காது. வெந்நீர்ப் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு வெந்துபோகும் குழந்தைகள் அதிகம் என்பதால் சிறுவர்களுக்கு நான் சொல்வதில்லை.

பசி இல்லை என்றால் திணிக்க வேண்டாம், ஒன்றிரண்டு நாள் நீராகாரமே போதும். ஆனால் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பட்டினி கிடக்கக் கூடாது. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதுமான அளவு சேர்கிறது என்று பொருள். இரவு இருமலுக்குப் படுக்கும்முன் அரை முதல் ஒரு டீஸ்பூன் தேன் தரலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனே கூடாது.

காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலும், மூச்சு வாங்கினாலும், நெஞ்சோ காதோ வலித்தாலும், பத்து நாளாகியும் முகத்தில் வலியும் கெட்டிச் சளியும் குறையாவிட்டாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். தேறிவந்தவருக்குத் திடீரென மறுபடி காய்ச்சல் ஏறினாலும் அப்படியே. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி தொட்டாலே உடனே கிளம்புங்கள், அதற்குக் காத்திருப்பு கிடையாது.