வாக்குப் பெயர்வு

2024 நவம்பர் இலங்கைப் பொதுத் தேர்தல் முடிவு வந்த அன்று, திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க்கடை. "எங்கட சனமும் கட்சி தாவிட்டுது" என்றார் ஒருவர். எதிரே இருந்தவர் கிளாஸை வைத்துவிட்டுக் கேட்டார்: "தாவுறதுக்கு எனக்கென்ன அமைச்சர் பதவியா தந்தவங்கள்? இவ்வளவு நாளும் வீட்டுக்குப் போட்டன், இந்தமுறை திசைகாட்டிக்குப் போட்டன். அவ்வளவுதான்."

வீடு தமிழரசுக் கட்சியின் சின்னம், திசைகாட்டி தேசிய மக்கள் சக்தியின் சின்னம். அவர் கேட்டது சரிதான். அப்படியானால், கட்சி மாற்றி வாக்குப் போடுவதை என்ன சொல்லால் சொல்வது? 'கட்சி தாவல்' பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு உரிய சொல். கிளையில் இருந்து கிளைக்குத் தாவும்போது மறுகிளையில் பழம் இருக்க வேண்டும். 1978 அரசியலமைப்பின் 99ஆம் உறுப்புரைப்படி, கட்சி உறுப்புரிமையை இழக்கும் பாராளுமன்ற உறுப்பினரின் ஆசனமும் ஒரு மாதத்தில் போய்விடும். நீக்கியது செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னால்தான் தப்பும். வாக்காளருக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை, பழமும் இல்லை.

'மிதக்கும் வாக்கு' என்று பத்திரிகைகள் எழுதுவது வேறு ஆளை. எந்தக் கரையிலும் கட்டாத தோணி அது. நாம் பேசுவது முப்பது வருடம் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தவரைப் பற்றி. பக்கம் மாறுகிறவரை ஏச 'தொப்பி பிரட்டி' என்று ஒரு வசையும் நம்மிடம் உண்டு. முஸ்லிம் மக்களைக் குத்திக்காட்டவும் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், ஆகவே மூவினமும் வாழும் இந்த ஊரில் அதைத் தொடாமல் விடுவோம்.

'கட்சி' என்ற சொல்லையே கொஞ்சம் தோண்டலாம். அரசியல் பொருளில் வருவது வடமொழி வழி வந்தது. பழைய அச்சில் 'கக்ஷி' என்றே இருக்கும். ஆனால் சங்கத் தமிழில் இதே உருவத்தில் இன்னொரு 'கட்சி' உண்டு. பொருள்: புகலிடம். புறநானூறு 202இல் கபிலர், வேட்டுவர் விரட்ட ஓடும் காட்டு விலங்கைக் "கட்சி காணாக் கடமா நல்லேறு" என்கிறார். ஒதுங்க இடம் காணாத ஏறு. இரண்டு சொல்லுக்கும் உறவில்லை என்றாலும், வீட்டைச் சின்னமாக வைத்திருக்கும் கட்சியின் ஆதரவாளர் வெளியேறும்போது எனக்கு இந்தப் பழைய கட்சிதான் ஞாபகம் வருகிறது.

அதனால் நான் எடுக்கும் சொல் 'பெயர்வு'. இருந்த இடத்தை விட்டு நகர்வது. 2006இல் போரால் சம்பூரை விட்டுப் போன சனத்துக்கு 'இடப்பெயர்வு' என்றால் என்னவென்று அகராதி சொல்லித் தர வேண்டியதில்லை. யாரும் ஆசைக்குப் பெயர்வதில்லை. அந்தச் சொல்லில் ஏச்சும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை.

சரி, பெயர்ந்தால் என்ன நடக்கும்? நம் மாவட்டத்துக்கு 4 ஆசனம். 5 வீத வெட்டுப்புள்ளியைத் தாண்டாத கட்சிகளின் வாக்கைக் கழித்துவிடுவார்கள். முதலாவதாக வந்த கட்சிக்கு 1 போனஸ் ஆசனம். மற்ற 3க்கும், மிஞ்சிய வாக்கை 3ஆல் பிரித்துப் பங்கு போடுவார்கள். ஒரு கணக்குக்கு, மூன்று கட்சிகள் 45,000, 27,000, 18,000 எடுத்தன என்று வையுங்கள். மொத்தம் 90,000, ஓர் ஆசனத்தின் விலை 30,000 வாக்கு. முதல் கட்சிக்குப் போனஸோடு 2 கிடைத்து, 15,000 மீதி நிற்கும். மீதி 2 ஆசனமும், கையில் அதைவிட அதிக வாக்கு வைத்திருக்கும் மற்ற இரு கட்சிகளுக்கும் ஒவ்வொன்றாகப் போகும்.

இப்போது மூன்றாம் கட்சியின் 4,000 பேர் கோபத்தில் ஒரு சிறு குழுவுக்குப் போடுகிறார்கள். அது 5 வீதத்தைத் தொடவில்லை, வாக்கு கழிந்துபோனது. விலை 28,667 ஆகிறது. முதல் கட்சியின் மீதி 16,333, மூன்றாம் கட்சியிடம் 14,000. கடைசி ஆசனம் முதல் கட்சிக்கு! யாருக்குப் போடவே மாட்டேன் என்றார்களோ அவர்களுக்கே கொடுத்த மாதிரி. 2024இல் தமிழரசுக் கட்சியும் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும் இங்கே ஒரே வீட்டுச் சின்னத்தில் நின்றதற்குப் பின்னால் இந்தக் கணக்குப் பயம் இருந்தது. முடிவில் திசைகாட்டிக்கு 2, தொலைபேசிச் சின்னத்தில் நின்ற ஐக்கிய மக்கள் சக்திக்கு 1, வீட்டுக்கு 1.

எழுதும்போது ஒன்று கவனிக்க வேண்டும். 'வாக்குப் பெயர்வு' என்று ப் போட்டே எழுதுங்கள். 'வாக்கு மாறியவர்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நம் பேச்சில் அது சொன்ன சொல்லைக் காப்பாற்றாத ஆளைக் குறிக்கும். அப்புறம் தேநீர்க்கடையில் கிளாஸை வைத்துவிட்டுக் கேட்டவர் சண்டைக்கு வருவார்: சொன்ன சொல்லை மாறியது நானா, அவங்களா?