டிஸ்க் நிரம்பவில்லை, வரம்புதான் நிரம்பியது: ஆரக்கிள் நிறுவுமுன் கெர்னலில் செய்ய வேண்டியவை

லினக்ஸ் சர்வரில் ஆரக்கிள் 19சி டேட்டாபேஸைத் தொடங்கும்போது சில சமயம் 'ஓஆர்ஏ-27102: அவுட் ஆஃப் மெமரி' என்று நின்றுவிடும். அதன் கீழே 'எரர் 28: நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று இன்னொரு வரி. அதைப் படித்தவுடன் பலரும் டிஸ்க்கைத்தான் சோதிப்பார்கள். டிஸ்க்கில் இடம் தாராளமாக இருக்கும், ராமிலும் இருக்கும். தீர்ந்துபோனது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் விதித்திருக்கும் வரம்பு.

ஆரக்கிளின் எல்லாப் புராசஸ்களும் எஸ்ஜிஏ என்ற ஒரே நினைவகப் பகுதியைப் பகிர்ந்துகொள்கின்றன. அதற்கு எல்லை கட்டுபவை இரண்டு. ஷெம்மேக்ஸ், ஒரு துண்டு அதிகபட்சம் எத்தனை பைட் இருக்கலாம் என்கிறது. ஷெம்ஆல், எல்லாத் துண்டுகளும் சேர்ந்து எத்தனை பேஜ் (கெர்னல் நினைவகத்தைப் பிரிக்கும் அலகு) வரை போகலாம் என்கிறது. ஒன்று பைட், மற்றது பேஜ். தவறு நடப்பது இங்கேதான். ஷெம்மேக்ஸ் சிறிதாக இருந்தால் ஆரக்கிள் எஸ்ஜிஏவைப் பல துண்டுகளாகப் பிரித்துச் சமாளித்துக்கொள்ளும். ஷெம்ஆல் போதாவிட்டால் வேறு வழியே இல்லை.

11ஜி என்ற பழைய பதிப்பின் காலத்துக் கையேடுகளில் ஷெம்ஆல் 2097152 என்று இருக்கும். ஒரு பேஜ் 4096 பைட் என்பதால் அது வெறும் 8 ஜிபி. 2014-இல் வந்த 3.16 கெர்னலிலிருந்து இவ்விரண்டின் இயல்பு மதிப்பும் ஏறக்குறைய வரம்பற்றதாகிவிட்டது. ஆகவே இன்று இந்தப் பிழை வந்தால், கெர்னல் மதிப்புகளை எழுதிவைக்கும் சிஸ்சிடிஎல் கோப்பின் பழைய பிரதியை யாரோ அப்படியே நகலெடுத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். 32 ஜிபி எஸ்ஜிஏவுக்கு 8388608 பேஜ் வேண்டும். 10485760 என வைத்தால் கொஞ்சம் இடைவெளியும் கிடைக்கும்.

இதே எரர் 28, புராசஸ்கள் தங்களுக்குள் ஒருங்கிணையப் பயன்படுத்தும் செமஃபோர் வழியாகவும் வரும். அப்போது 'ஓஆர்ஏ-27154'-உடன் 'செம்கெட்' என்ற பெயர் தெரியும். கெர்னலின் செமஃபோர் அமைப்பில் 250, 32000, 100, 128 என்ற நான்கு எண்களையும் இதே வரிசையில் கொடுக்க வேண்டும். ஒரு தொகுப்பில் 250 செமஃபோர், மொத்தம் 128 தொகுப்பு, பெருக்கினால் 32000.

ஃபைல் எண்ணிக்கை 6815744, ஏஐஓ (ஒத்திசைவற்ற உள்ளீடு-வெளியீடு) வரம்பு 1048576, போர்ட் 9000 முதல் 65500 வரை: இவற்றையெல்லாம் ஆரக்கிள் லினக்ஸில் ப்ரீஇன்ஸ்டால் பேக்கேஜே போட்டுவிடும். அது போடாதது ஹியூஜ் பேஜ், அதாவது 4 கேபிக்குப் பதிலாக 2 எம்பி அளவுள்ள பெரிய பேஜ். பெரிய சர்வரில் மிக முக்கியமானதே அதுதான்.

காரணம் எளிய கணக்கு. 32 ஜிபி எஸ்ஜிஏவை 4 கேபி பேஜ்களாகப் பிரித்தால் 83 லட்சத்துக்கு மேல் பேஜ்கள். ஒவ்வொன்றுக்கும், அது ராமில் எங்கே இருக்கிறது என்று குறிக்கும் பேஜ் டேபிளில் 8 பைட் பதிவு. எஸ்ஜிஏ முழுவதையும் தொட்டுவிட்ட ஒரு புராசஸுக்கு 64 எம்பி. இந்த டேபிள் புராசஸுக்குப் புராசஸ் தனி. 500 இணைப்புகள் அந்த நிலைக்கு வந்தால் டேபிளுக்கு மட்டுமே ஏறக்குறைய 31 ஜிபி. 64 ஜிபி ராம் உள்ள சர்வர் அங்கேயே மூச்சுத்திணறி ஸ்வாப்புக்கு (ராமுக்குப் பதில் டிஸ்க்கைப் பயன்படுத்தும் நிலைக்கு) போய்விடும். 2 எம்பி பேஜ் என்றால் 16384 பதிவுகள், ஒரு புராசஸுக்கு 128 கேபி.

ஆகவே ஹியூஜ் பேஜ் எண்ணிக்கையை 16400 என வையுங்கள். ஆரக்கிள் பயனரின் மெம்லாக் (ராமிலேயே பூட்டிவைக்கக்கூடிய நினைவகம்) வரம்பு 33587200 கேபிக்குக் குறையக் கூடாது. ஆரக்கிளே நினைவகத்தைத் தானாகப் பங்கிடும் மெமரி டார்கெட்டை அணைத்துவிடுங்கள்; அது இருந்தால் ஹியூஜ் பேஜ் பயன்படாது. கெர்னலே தானாகப் பெரிய பேஜ்களை உருவாக்கும் டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜ் என்பது வேறு. ஓட்டத்தின் நடுவே தாமதத்தைக் கிளப்பும் என்பதால் அதையும் அணைக்க வேண்டும். பிறகு சர்வரை ரீபூட் செய்வதே நல்லது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் ராம் துண்டுதுண்டாகக் கிடப்பதால் கெர்னலால் கேட்ட அளவைத் தொடர்ச்சியாக ஒதுக்க முடியாமல் போகலாம்.

ஆரக்கிளின் யூஸ் லார்ஜ் பேஜஸ் அளவுருவுக்கு 'ஒன்லி' என்று கொடுப்பதே என் பரிந்துரை. இல்லாவிட்டால், மெம்லாக் போதாதபோது ஆரக்கிள் சிறு பேஜுக்கு இறங்கிவிடும். ஒதுக்கிய 32 ஜிபி யாருக்கும் உதவாமல் கிடக்கும். இன்ஸ்டன்ஸ் தொடங்கியதும் லினக்ஸின் நினைவக விவரக் கோப்பான மெம்இன்ஃபோவைப் பாருங்கள். ஹியூஜ் பேஜின் 'ஃப்ரீ' எண் 'டோட்டல்' அளவிலேயே நின்று, 'ரிசர்வ்டு' பூஜ்யம் என்று காட்டினால் எஸ்ஜிஏ அங்கே போகவில்லை. ஆரக்கிள் பயனராகப் புதிதாக லாகின் செய்து, மெம்லாக்கைச் சரிபார்த்த பிறகு மறுபடி தொடங்குங்கள்.