பார்வால்புமின்: ‘சிறுவெண்கரு’ என்ற சொல் வேண்டாம்

மீன் ஒவ்வாமை பற்றித் தமிழில் அச்சடித்துக் கொடுக்கும் தாள்களில் ‘சிறுவெண்கரு’ என்றொரு சொல் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. மீன் ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமான பார்வால்புமின் என்ற புரதத்துக்கு யாரோ செய்த தமிழாக்கம். அந்தப் புரதம் மூளையிலும் இருப்பதால், மூளை பற்றி எழுதுகிறவர்களும் அதையே எடுத்துப் போடத் தொடங்கிவிட்டார்கள். இதை இப்போதே நிறுத்தியாக வேண்டும்.

லத்தீனில் ‘பார்வுஸ்’ என்றால் சிறியது, ‘ஆல்புஸ்’ என்றால் வெள்ளை; ஆல்புமின் என்ற புரதப் பெயர் அதிலிருந்து வந்தது. தவளை, மீன் ஆகியவற்றின் தசையில் கிடைத்த இந்தப் புரதம் ஆல்புமினைப் போலவே நீரில் கரைந்தது, அளவில் மட்டும் மிகச் சிறியதாக இருந்தது. நம் இரத்தத்திலுள்ள ஆல்புமின் சுமார் 66 கிலோடால்டன் (புரத எடையின் அலகு), இது சுமார் 12தான். பெயர் வந்த வழி அவ்வளவுதான்.

மொழிபெயர்த்தவர் ‘பார்வ’ சிறு, ‘ஆல்புமின்’ வெண்கரு என்று துண்டு துண்டாக மாற்றிவிட்டார். முட்டையின் வெண்கருவுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வெண்கருவில் மிகுதியாக இருப்பது ஓவால்புமின், அது வேறு குடும்பம். பார்வால்புமின், கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் கால்மோடுலின் போன்ற புரதங்களின் இனம். 1973-இல் கெண்டை வகை மீனின் பார்வால்புமினை ஆராய்ந்தபோதுதான், கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்ததுபோன்ற மடிப்புக்குள் கால்சியம் உட்காருவதைக் கண்டார்கள். அப்படிப்பட்ட பொருளை வெண்கரு என்றால் யாருக்கு விளங்கும்?

தப்பாக விளங்குவதுதான் இன்னும் மோசம். எங்கள் குமரிக் கடற்கரையில் ஒரு வீட்டில், நெத்திலி தின்ற பிள்ளைக்கு உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்தது. கையில் கொடுத்த தாளில் ‘சிறுவெண்கரு ஒவ்வாமை’ என்றிருந்தது. அந்தத் தாய் முட்டையை நிறுத்தினாள். மீன் துண்டை ஒதுக்கிவிட்டு, புளிமுளத்தின் (எங்கள் பக்கத்து மீன் குழம்பு) சாற்றை மட்டும் சோற்றில் விட்டுப் பிசைந்து கொடுத்தாள். திரும்பவும் தடிப்பு. பார்வால்புமின் நீரில் கரையும், கொதிக்க வைத்தாலும் எளிதில் அழியாது. துண்டை எடுத்துவிட்டாலும் அது குழம்பில் இருக்கும். அந்தத் தாய்மேல் என்ன குற்றம்? சொல்தான் அவளை முட்டைப் பக்கம் அனுப்பியது.

‘சுண்ணாம்புப் புரதம்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. கால்சியத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று பேச்சில் சொல்வது சரி. ஆனால் சுண்ணாம்புப் புரதம் என்றதும், எலும்புக்கு நல்லது, முள்ளோடு மென்று தின்னலாம் என்றுதான் நம்மாட்கள் நினைப்பார்கள். இந்தப் புரதம் நமக்குக் கால்சியம் ஊட்டுவதற்கு இருப்பதல்ல. தசைக்குள் கால்சியம் பாய்ந்தால் தசை சுருங்கும். அதைப் பற்றி எடுத்துக்கொண்டு, தசை சட்டென்று தளர உதவுவதுதான் இதன் வேலை. சட்டென்று பாய்ந்து விரையும்போது மீனுக்கு இது வேண்டும், அந்த வேலையைச் செய்வது வெள்ளைத் தசை. அதில் மிகுதியாகவும் கருந்தசையில் குறைவாகவும் இருப்பது அதனால்தான். கருந்தசை மிகுந்த சூரையில் குறைவாகக் காணப்படுவதற்கும் காரணம் இதுவே. அதற்காகச் சூரையைத் தாராளமாகத் தின்னலாம் என்று பொருளில்லை.

மூளையில் என்ன செய்கிறது என்று பார்த்தாலும் இதே கதைதான். மற்ற நரம்பணுக்களை அடக்கி ஒழுங்குபடுத்தும் அணுக்களில் ஒரு வகை மிக வேகமாக மின்துடிப்புகளை அனுப்பும். அவற்றுக்குள் கால்சியம் ஏறி இறங்குவதை இந்தப் புரதம் கட்டுப்படுத்துகிறது. நினைவு, கவனம் ஆகியவற்றோடு தொடர்புள்ள காமா அலைகள் என்ற மூளையின் வேகமான மின்னலைகளுக்கு இந்த அணுக்கள் வேண்டும். மனச்சிதைவு நோய் ஆய்வுகளிலும் இவற்றில் காணும் குறை பேசப்படுகிறது. நம் மூளையில் இருப்பது ஆல்ஃபா வகை. மீன் ஒவ்வாமை தருவது பெரும்பாலும் பீட்டா வகை. ஒரே பெயர் இருப்பதால், மீன் சேராதவருக்கு மூளையும் கெடும் என்று எவரும் பயப்பட வேண்டாம்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? மருத்துவத் தாளில் ‘பார்வால்புமின்’ என்றே எழுதலாம், பக்கத்தில் ‘மீன் தசைப் புரதம்’ என்ற விளக்கம் இருந்தால் போதும். அறிவியல் எழுத்துக்குத் தனித்தமிழ் வேண்டுமென்றால் ‘சிறுபற்றுப்புரதம்’ என்பேன். ‘சிறு’ மூலத்திலிருந்து வருகிறது, ‘பற்று’ அது செய்யும் வேலையைச் சொல்கிறது, வெண்மை போய்விடுகிறது. ‘பிணைப்பு’ என்பதைவிடப் ‘பற்று’ பொருத்தம். கால்சியத்தை இது பிடித்துக்கொள்ளும், பிறகு விட்டும்விடும்.

ஆக்சிஜன் என்றால் மூலத்தில் ‘அமிலம் ஆக்குவது’. நம் முன்னோடிகள் அதை அப்படியே பெயர்க்காமல் ‘உயிர்வளி’ என்றார்கள். அலர்ஜிக்கு ‘ஒவ்வாமை’ என்றார்கள், உடம்புக்கு ஒவ்வாதது என்று எவருக்கும் உடனே புரிகிறது. இன்றைக்கு மொழிபெயர்க்கிறவர்கள் பொருள் எதைச் செய்கிறது என்று கேட்பதில்லை. அகராதியைத் திறந்து வேர்களை ஒட்டவைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். இதில் தமிழுக்கும் பெருமையில்லை, படிக்கிறவனுக்கும் பயனில்லை.

இன்னொன்றும் கலந்துபோகிறது. பனிக்கட்டி சரியாக இல்லாமல் கெட்ட சூரை, அயிலையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து முகம் சிவந்தால் அது நச்சு, ஒவ்வாமையல்ல. இறால் தந்த தடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் ட்ரோபோமையோசின் என்ற வேறொரு புரதம், பார்வால்புமின் அல்ல. மூன்றையும் ‘மீன் விஷம்’ என்று ஒரே தலைப்பில் எழுதும் தாள்கள் குளச்சல், முட்டம், சின்னமுட்டம் மக்கள் கைக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அச்சுக்கு அனுப்புகிறவரின் பொறுப்பு.