கண்ணு முன்னாடியே அலர்ட் வருது, ஏன் யாருக்கும் தெரியல?

ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ எக்ஸ்போர்ட் கம்பெனியில ஐடி பாத்துக்கற வாசகர் ஒருத்தர் எழுதியிருக்காரு. இத்தாலில இருக்கற பையருக்கு இவங்க அனுப்பின இன்வாய்ஸ் நடுவழியில மாறி, பேங்க் அக்கவுன்ட் நம்பர் வேற எவனோடதோ ஆகி, பணம் அங்க போய் சேந்துடுச்சாம். அப்பறமா தோண்டிப் பாத்தா, அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் மெயிலுக்குள்ள எவனோ பூந்து, "இன்வாய்ஸ்னு வர்ற மெயிலெல்லாம் இந்த வெளி அட்ரஸுக்கும் ஒரு காப்பி போகட்டும்"னு ஒரு ரூல் போட்டு வெச்சிருக்கான். கொடுமை என்னன்னா, அந்த ரூல் போட்ட கொஞ்ச நேரத்துலயே செக்யூரிட்டி டாஷ்போர்டுல அலர்ட் வந்துடுச்சு. ரெண்டு நாள் அங்கயே குந்திக்கினு இருந்திருக்கு. ஷிஃப்டுக்கு ஒருத்தர்னு மூணு பேர் அதே ஸ்கிரீன் முன்னாடிதான் இருந்திருக்காங்க. "இன்னா சார், மூணு பேருக்கும் கண்ணு அவிஞ்சா போச்சு?"னு கேக்கறாரு. ஆடிட் ரிப்போர்ட்ல "மனிதத் தவறு"ன்னு ரெண்டே வார்த்தையில முடிச்சுட்டாங்களாம், முதலாளி ஆபீஸ் வாசல்ல புதுசா ஒரு திருஷ்டிப் பூசணிக்காய் கட்டச் சொல்லிட்டாராம்.

மூணு பேர் கண்ணும் நல்லாதான் இருக்கு. கண்ணு எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாம செஞ்ச பேஜ் அது, அவ்ளோதான்.

டாஷ்போர்டு என்னங்கறத சட்டுனு சொல்லிடறேன், உங்கள்ல பல பேருக்கு தெரிஞ்சதுதான். ஃபயர்வால், மெயில் சர்வர், ஆபீஸ்ல இருக்கற கம்ப்யூட்டருங்க எல்லாமே "இது நடந்துச்சு, அது நடந்துச்சு"ன்னு லாக் எழுதிக்கிட்டே இருக்கும், அதையெல்லாம் ஒரு சாஃப்ட்வேர் ஒரே இடத்துல அள்ளி, சந்தேகமா படறத மட்டும் அலர்ட்டா பிரிச்சு, ஒரு வெப் பேஜ்ல காட்டும். இதுவரைக்கும் மெஷின் வேலை. பேஜ்ல இருந்து மனுஷன் மண்டைக்குள்ள போற அந்த ரெண்டு அடி தூரம் இருக்கே, கோட்டை விடறது அங்கதான்.

வாசகர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தாரு. நடுவுல பெருசா ஒரு பூமி உருண்டை, அதுல சீனாவுல இருந்தும் ரஷ்யாவுல இருந்தும் நம்ம ஊருக்கு கோடு கோடா பாயுது. மேல நாலு மீட்டரு. ஓரத்துல பெல் ஐகான், அதுல "99+". எல்லாத்துக்கும் கீழ, சாம்பல் கலர்ல பொடி எழுத்துல ஒரு டேபிள், இருபது வரி. உருப்படியான விஷயம் அந்த டேபிள்லதான். 30 செகண்டுக்கு ஒரு தடவை முழு பேஜும் ரீலோட் ஆகும்னும் எழுதியிருந்தாரு. அந்த ஒரு வரியைப் படிச்சதும் எனக்கு விஷயம் விளங்கிடுச்சு.

இப்ப கண்ணுக்கு வருவோம். நாம ஸ்கிரீன் முழுசையும் தெளிவா பாக்கறதா நெனச்சுக்கறோம், இல்ல. கைய நேரா நீட்டி கட்டைவிரல் நகத்தைப் பாருங்க, கிட்டத்தட்ட அந்த அளவு இடம்தான் ஒரு நேரத்துல கூர்மையா தெரியும். மிச்சம் பூரா மங்கல், கலரும் அங்க சுமார்தான். அந்த நகத்தளவு ஜன்னலை கண்ணு செகண்டுக்கு மூணு நாலு தடவை அங்கயும் இங்கயும் தாவ விட்டு முழுப்படம் பாத்த மாதிரி நம்மள நம்ப வைக்குது. அப்ப அடுத்து எங்க தாவணும்னு யார் முடிவு பண்றது? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச சங்கதி இருக்கு.

கண்ணுக்குள்ள பின்பக்கம் திரை மாதிரி இருக்கற ரெட்டினாவுல இருந்து மூளைக்குப் போற நரம்பு செல்லுங்கள்ல பல ரகம். மிட்ஜெட்னு ஒரு ரகம், கூட்டம் அதுதான் ஜாஸ்தி, நுணுக்கமும் சிவப்பு-பச்சை வித்தியாசமும் அது பாக்கும், ஆனா கொஞ்சம் நிதானம். பாரசால்னு இன்னொரு ரகம், சுமாரா பத்துல ஒண்ணுதான் இருக்கும், குடை மாதிரி அகலமா விரிஞ்சு பெரிய இடத்தை ஒண்ணா கவனிக்கும். இதுக்கு நுணுக்கம் தெரியாது, கலரும் பெருசா தெரியாது. ஆனா வெளிச்சம் கூடினாலோ குறைஞ்சாலோ அந்த கணத்துல படபடன்னு துடிச்சுட்டு உடனே அடங்கிடும். அதாவது அங்க என்ன இருக்குன்னு அதுக்கு அக்கறை இல்ல, அங்க ஏதோ *மாறுது*ங்கறதுதான் அதோட சேதி. அந்த மாதிரி சேதி எங்கிருந்து வருதோ அந்தப் பக்கம் கவனமும் கண்ணும் தானா திரும்பும், நீங்க யோசிச்சு திருப்பறதுக்கு முன்னாடியே.

வேலூரை சுத்தி இருக்கற மொட்டைப் பாறை மலை எதுலயாவது ஏறினவங்களுக்கு இது தெரியும். பாறை கலர்லயே ஓணான் ஒண்ணு குந்தியிருக்கும், அஞ்சு நிமிஷம் உத்துப் பாத்தாலும் தெரியாது, தலைய ஒரே ஒரு தடவை ஆட்டுச்சுன்னா போதும், பிடிச்சுடுவீங்க. அதே ஓணான், காத்துல புதரெல்லாம் ஆடற நேரத்துல தலைய ஆட்டினா? தெரியவே தெரியாது. அது ஆட்டினது என்னவோ அதே அளவுதான், ஆனா சுத்தி எல்லாமே ஆடும்போது இந்த ஒரு ஆட்டம் தனியா நிக்கல.

இதை 1997ல ரென்சிங்க், ஓ'ரீகன், கிளார்க்னு மூணு ஆராய்ச்சியாளருங்க லேப்ல அழகா பிடிச்சுக் காட்டினாங்க. ஒரு போட்டோ, கால் செகண்டு மாதிரி காட்டுவாங்க. அப்பறம் ஒரு வெறும் ஸ்கிரீன், செகண்டுல பத்துல ஒரு பங்கு கூட இல்ல. அப்பறம் அதே போட்டோ, ஆனா ஒரு பொருள் மாறியிருக்கும், பெரிய பொருளாவே. இப்படி மாத்தி மாத்தி காட்டுவாங்க. பாக்கறவங்க திரும்பத் திரும்ப பாத்தும் சட்டுனு கண்டுபிடிக்க முடியல, சில படத்துக்கு ரொம்ப நேரம் ஆச்சு. நடுவுல அந்த வெறும் ஸ்கிரீனை மட்டும் எடுத்துட்டா? பாத்த உடனே தெரிஞ்சுடுது. மாற்றம் அதேதான். ஆனா வெறும் ஸ்கிரீன் வந்து போகும்போது மொத்த இடத்துலயும் வெளிச்சம் மாறுது, எல்லா பாரசாலும் ஒரே நேரத்துல கத்துது, அந்தக் கூச்சல்ல மாறின அந்த ஒரு பொருளோட சத்தம் அமுங்கிப் போயிடுது. இதுக்கு மாற்றக் குருடுன்னு பேர்.

1999ல இதே ஆளுங்க இன்னொரு படி மேல போனாங்க, எனக்கு முதல்ல செஞ்சதை விட இதுதான் பிடிக்கும். வெறும் ஸ்கிரீனே வேணாம், படம் மாறற அதே கணத்துல வேற வேற இடத்துல சேறு தெறிச்ச மாதிரி சில புள்ளி விழுந்தா போதும்னு காட்டினாங்க. புள்ளி எதுவும் மாறின பொருளை மறைக்கக்கூட இல்ல! கவனம் சேத்துப் பக்கம் ஓடிடுது, மாறினது அப்படியே தப்பிச்சுடுது.

இப்ப அந்த டாஷ்போர்டை திரும்பிப் பாருங்க. 30 செகண்டுக்கு ஒரு ரீலோட், பேஜ் ஒரு இமைப்பொழுது வெள்ளையா போய் திரும்ப வரும், மீட்டரு முள்ளெல்லாம் பூஜ்யத்துல இருந்து மறுபடி எழும்பும், உருண்டையில கோடு ஓயாம பாயும். ரென்சிங்க் லேப்ல மெனக்கெட்டு உண்டாக்கினதை இவங்க காசு வாங்கிட்டு புராடக்ட்டா வித்திருக்காங்க. அதுலயும் அந்த டேபிள் இருக்கே, புது அலர்ட் வந்தா மேல முதல் வரியா சொருகிக்கும், பழைய இருபதும் ஒரு படி கீழ இறங்கும், அப்ப கண்ணுக்கு ஒரு வரி வந்ததா தெரியாது, இருபது இடத்துலயும் எழுத்து மாறினதாதான் தெரியும், கடைசி வரி சத்தமில்லாம ரெண்டாம் பேஜுக்குப் போயிடும். ரூல் அலர்ட் அப்படித்தான் போயிருக்கணும்னு நினைக்கிறேன், ஏன்னா ராத்திரி பூரா "பாஸ்வேர்டு தப்பு, பாஸ்வேர்டு தப்பு"ன்னு சில்லறை அலர்ட்டு வந்துக்கிட்டே இருந்துச்சுன்னு அவரே எழுதியிருக்காரு. பெல்லுல "99+"ன்னு வந்த பிறகு நூறு ஆனாலும் நாலாயிரம் ஆனாலும் அது "99+"தான், மாற்றமே இல்லாத ஒண்ணைக் கண்ணு எதுக்கு திரும்பிப் பாக்கப் போகுது.

சிவப்பு கலர் குடுத்திருக்கோமேன்னு கம்பெனிக்காரங்க சொல்லுவாங்க. கண்ணுக்கு இதமா இருக்கட்டும்னு டிசைனருங்க பச்சை, ஆரஞ்சு, சிவப்பு மூணையும் ஏறக்குறைய ஒரே வெளிச்ச அளவுல எடுத்துடறாங்க. வெளிச்சம் மாறாம கலர் மட்டும் மாறினா பாரசாலுக்கு அது மாற்றமாவே பெருசா படாது, மிட்ஜெட்டுக்குத்தான் தெரியும், அதுக்கு அந்த இடத்துக்கு கண்ணு ஏற்கனவே போயிருக்கணும். சிவப்பு-பச்சை வித்தியாசம் பிறவியிலயே சரியா தெரியாத ஆம்பளைங்க வேற கணிசமா இருக்காங்க.

நேரம் இன்னொரு தொல்லை. பல டாஷ்போர்டுல நேரம் யுடிசிங்கற உலகப் பொது நேரக் கணக்குல இருக்கும், நாம அதுக்கு அஞ்சரை மணி நேரம் முன்னாடி. 20:45ன்னு போட்டிருந்தா நமக்கு அது அடுத்த நாள் விடியக்காலை 2:15. தூக்கக் கலக்கத்துல எவன் கூட்டிப் பாப்பான்.

இதெல்லாம் புதுசும் இல்ல. 1979 மார்ச் 28, அமெரிக்காவுல த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில விபத்து ஆரம்பிச்சப்ப கன்ட்ரோல் ரூம்ல நூத்துக்கும் மேல அலாரம் ஒரே சமயத்துல அடிச்சுது. எது முக்கியம்னு பிரிச்சு சொல்ல வழியில்ல, அலாரம் பிரிண்ட் எடுக்கற மெஷின் ரெண்டு மணி நேரத்துக்கும் மேல பின்தங்கி ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒரு வால்வு மூடாம திறந்தே மாட்டிக்கிச்சு, ஆனா பேனல்ல இருந்த விளக்கு, வால்வு நிஜமா மூடிச்சாங்கறதைக் காட்டல, மூடச்சொல்லி ஆர்டர் போச்சாங்கறதைத்தான் காட்டுச்சு. விளக்கு அணைஞ்சதைப் பாத்து மூடிட்டதா நம்பிட்டாங்க. விசாரணை கமிஷன் ஆபரேட்டர் பண்ணினதையும் எழுதுச்சு, கூடவே பேனல் டிசைன், பயிற்சி எல்லாத்தையும் தோண்டி எழுதுச்சு. அமெரிக்காவுல டார்கெட் கடைகள்ல 2013ல 4 கோடி கார்டு விவரம் திருடு போச்சே, அப்பவும் சாஃப்ட்வேர் முன்னாடியே அலர்ட் குடுத்துச்சு, பெங்களூர்ல இருந்த டீம் அதைப் பாத்து அமெரிக்காவுக்கு சொன்னாங்கன்னுகூட பின்னாடி செய்தி வந்துச்சு. கவனிச்சு சொல்லியும் அங்க கூட்டத்தோட கூட்டமா போயிடுச்சு.

அதனால "மனிதத் தவறு"ன்னு ஆடிட்டர் எழுதினதுக்கும் வாசல்ல கட்டின பூசணிக்காய்க்கும் நான் பெரிய வித்தியாசம் பாக்கல. ரெண்டுமே எப்படி நடந்துச்சுன்னு சொல்லாது. சொல்லப்போனா பூசணிக்காயாவது யாரையும் வேலையை விட்டு தூக்காது. இதுல எனக்கு இன்னொரு ஆதங்கம். நம்ம பக்கம் காலேஜுக்கு காலேஜு சைபர் செக்யூரிட்டி லேப் திறக்கறாங்க, சுவர் முழுக்க டிவி, ரிப்பன் வெட்ட ஆளு, எல்லாம் ஜோரா நடக்குது. பக்கத்து பிளாக்ல சைக்காலஜி டிபார்ட்மென்ட்ல நாலு பசங்களுக்கு ஒரு கண் அசைவு பாக்கற கேமரா கேட்டா மட்டும் பட்ஜெட் இல்லன்னுடறாங்க. அந்த டிவி முன்னாடி உக்காரப்போறவன் எதைப் பாக்கறான்னு அளந்து பாக்க ஒருத்தரும் காசு தர்றதில்ல.

சரி, வாசகர் ரெண்டாவதா கேட்டது, இருக்கறதை வெச்சு என்ன பண்ணலாம்னு. பேஜ் தானா ரீலோட் ஆகற ஆட்டோ ரீஃப்ரெஷ் இருந்தா செட்டிங்ஸ்ல நிறுத்துங்க, மாறின வரியை மட்டும் மாத்தற வசதி இருந்தா அதைப் போடுங்க, வெப் டெவலப்பர் யாராவது கைவசம் இருந்தா அவங்களுக்கு இது சின்ன வேலைதான். புது அலர்ட்டு தானா மேல சொருகக்கூடாது, "புதுசா 3 இருக்கு"ன்னு ஒரு பட்டை மட்டும் வந்து, அமுக்கினா இறங்கணும். புது வரி சில செகண்டு வெளிச்சமா இருந்து அடங்கணும், ஆனா ஓரத்துல ஒரு தடிச்ச அடையாளம் யாராவது பாத்தேன்னு அமுக்கற வரைக்கும் போகக்கூடாது. மெயில் ஃபார்வேர்டு ரூல், புது அட்மின் அக்கவுன்ட் மாதிரி நாலஞ்சு சமாச்சாரத்தை மட்டும் டேபிளை நம்பாம தனியா போனுக்கு அடிக்கற மாதிரி வெச்சுடுங்க. செர்ட்-இன்னுங்கற மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு 2022ல போட்ட உத்தரவுப்படி இந்த மாதிரி சம்பவம் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள்ள அவங்களுக்கு சொல்லியாகணும், லாக்கை 180 நாள் வெச்சிருக்கணும், அதையும் மறந்துடாதீங்க.

கடைசியா, யார்கிட்டயும் சொல்லாம ராத்திரி ஷிஃப்டுல நீங்களே ஒரு டெஸ்ட் ரூல் போட்டு, எவ்வளவு நேரம் கழிச்சு உங்களுக்கு போன் வருதுன்னு குறிச்சு வைங்க. அந்த பூமி உருண்டையை ரிசெப்ஷன்ல இருக்கற டிவிக்கு மாத்திடுங்க, வர்ற பையருங்க பாத்துட்டு போகட்டும்.