வேலையைக் கொடுத்தீர்கள், முடிவெடுக்கும் உரிமையைக் கொடுத்தீர்களா?

"அவங்களுக்குச் சொல்லிக் கொடுக்குற நேரத்துல நானே முடிச்சிடுவேன் மேடம்." பணிச்சுமை தாங்காமல் ஆலோசனைக்கு வருகிற பலர், வேலையைக் குழுவில் மற்றவர்களிடம் பகிர்ந்து கொடுக்கலாமே என்றால், முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறார்கள். இன்றைய நாளை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். வாரத்துக்கு அரை மணி நேரம் பிடிக்கிற ஒரு வேலையைக் கற்றுக்கொடுக்க மூன்று மணி நேரம் ஆகும் என்று வையுங்கள். ஏழாவது வாரத்திலிருந்துதான் உங்களுக்கு நேரம் மிச்சம். அதுவரை பொறுக்கத்தான் நம்மால் முடிவதில்லை.

நம் கை பட்டால்தான் வேலை உருப்படும் என்ற நம்பிக்கை அதற்கு ஒரு காரணம். ஜெஃப்ரி ஃபெஃபர், ராபர்ட் சியால்டினி உள்ளிட்டோர் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் மதிப்பிட்டது ஒரே விளம்பரத்தைத்தான். ஆனால் அது தங்கள் மேற்பார்வையில் உருவானது என்று நம்பியவர்கள் அதற்கு மற்றவர்களைவிட அதிக மதிப்புக் கொடுத்தார்கள். விளம்பரத்தில் எந்த மாற்றமும் இல்லை.

ஒரு மேலாளர் தன் குழுவில் இருந்த பெண்ணிடம் மாதாந்திர அறிக்கையை ஒப்படைத்தார். அந்தப் பெண் எழுதி அனுப்பியதை மேலாளர் இரவு உட்கார்ந்து வரிவரியாகத் திருத்தினார். எண்களில் தவறில்லை. பத்திகளின் வரிசை மாறியது, சில சொற்கள் மாறின, அவ்வளவுதான். மூன்றாவது மாதம் அந்தப் பெண் பாதி முடித்த அறிக்கையை அனுப்பினார். "பார்த்தீங்களா, பொறுப்பே இல்லை" என்று மேலாளர் என்னிடம் குமுறினார். எப்படியும் மாற்றப்போகிறார் என்று தெரிந்த பிறகு யார்தான் முழு மனதோடு எழுதுவார்கள்?

கொடுத்த வேலை இன்னொரு வழியாகவும் திரும்பி வரும். "சார், இதுல ஒரு சிக்கல்" என்று ஒருவர் வந்து நிற்பார். "சரி, வச்சிட்டுப் போங்க, நான் பார்த்துக்கிறேன்" என்போம். அந்த நொடியில் வேலை நம் மேசைக்கு வந்துவிட்டது. "நீங்க என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது கடினம். ஆனாலும் பழகிக்கொள்ள வேண்டிய ஒன்று.

ஒப்படைக்கும்போது என்ன முடிவு வேண்டும், எப்போது வேண்டும், எதுவரை அவரே தீர்மானிக்கலாம், எதைத் தாண்டினால் உங்களைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். நடுவில் எந்த நாளில் பார்ப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அப்புறம், அந்த நாள் வரும்வரை போய் எட்டிப் பார்க்காதீர்கள்.

பலர் வெளியில் சொல்லாத பயம் ஒன்று உண்டு. நான் இல்லாமலே எல்லாம் நடந்துவிட்டால் எனக்கு இங்கே என்ன மரியாதை? இதைச் சொல்லும்போது சிலருக்குக் கண் கலங்கிவிடும். பல வருடங்கள் 'அவரிடம் கொடுத்தால் முடிந்துவிடும்' என்ற பெயரிலேயே வாழ்ந்தவர்கள் அவர்கள். அந்தப் பயத்தை நான் அலட்சியமாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் எல்லாவற்றையும் தானே சுமப்பதற்கு உடம்பு கொடுக்கும் விலை பெரிது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் மதிப்பிட்டன.

ஆள் பற்றாக்குறையால் தவிப்பவர்களிடம் 'பகிர்ந்து கொடுங்கள்' என்று சொல்வது நியாயமில்லை. அவர்கள் மேலிடத்தில் ஆள் கேட்க வேண்டும்.

எதை முதலில் கொடுப்பது என்றால், பெரும்பாலோர் தங்களுக்குப் பிடிக்காத வேலையைத்தான் தள்ளிவிடுகிறார்கள். வாங்குபவருக்கு அது உடனே புரிந்துவிடும். நீங்கள் நன்றாகச் செய்கிற, அடிக்கடி வருகிற, தவறினாலும் சரிசெய்துவிடக்கூடிய வேலை ஒன்றை எடுங்கள். அதில் உங்களால் நன்றாகச் சொல்லிக்கொடுக்க முடியும். முதல் தடவை தவறு நடந்தால் மேலிடத்துக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். ஆனால் அதைத் திருத்தும் வேலை அவரிடமே இருக்கட்டும்.