புஷ் ரீஜெனரேஷன்: தமிழில் காட்டு மீட்சி

'புஷ் ரீஜெனரேஷன்' ஆஸ்திரேலிய வழக்கு. கவனிப்பாரற்றுக் கிடக்கும் இயற்காட்டில் அயல்களைகளை அகற்றி, மண்ணில் ஏற்கெனவே உறங்கும் நாட்டு விதைகள் தாமாக முளைக்க இடம்விடும் வேலைக்கு இந்தப் பெயர். சிட்னியில் இதைச் செய்யும் தன்னார்வலர் குழுக்களுக்கு 'புஷ்கேர்' என்று பெயர்.

'புஷ்' என்றதும் நம் கை 'புதர்' என்று எழுதப் போகும். எழுதக் கூடாது. தமிழில் புதர் என்றால் மண்டிக் கிடப்பது, பாம்பு அண்டுவது. 'புதர் மீட்பு' என்று தலைப்பிட்டால், வெட்ட வேண்டியதை ஏனப்பா மீட்கிறார்கள் என்றுதான் படிப்பவர் கேட்பார். ஆஸ்திரேலியர் வாயில் 'புஷ்' என்பது மரம், செடி, கொடி, புல் எல்லாம் அடங்கிய நாட்டுத் தாவரப் பரப்பு. காட்டைக் குறிக்கும் டச்சுச் சொல்லின் தாக்கம் இந்தப் பொருளில் இருக்கலாம் என்பது சொற்பிறப்பு ஆய்வாளர் கருத்து. ஆகவே 'காடு' போதும்.

'ரீஜெனரேஷன்' லத்தீன் வழி வந்தது. மறுபடி பிறப்பித்தல் என்று பொருள். அறுந்த வால் வளர்வதை நம் உயிரியல் பாடநூல் 'இழப்பு மீட்டல்' என்கிறது. நல்ல சொல்தான், ஆனால் காட்டுக்கு ஒட்டவில்லை. ஏன் என்பதைச் சொல்லை விட வேலையைப் பார்த்தால்தான் புரியும்.

1960களில் சிட்னியின் மோஸ்மன் பகுதியில் ஐலீன் பிராட்லி, ஜோன் பிராட்லி என்ற சகோதரிகள் நடைப்பயிற்சியின்போது வழியோரக் களைகளைக் கையால் பிடுங்கத் தொடங்கினார்கள். ஒரேயடியாக வெட்டி வழித்த இடங்களில் களை முன்னைவிட அடர்த்தியாகத் திரும்பியதையும், கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிய இடங்களில் நாட்டுச் செடி தலைகாட்டியதையும் கவனித்தார்கள். அதிலிருந்து மூன்று விதிகள் வந்தன: நல்ல காடு இருக்கும் பக்கத்திலிருந்து கெட்ட பக்கம் நோக்கி நகர வேண்டும், மண்ணை முடிந்தவரை கலைக்கக் கூடாது, நாட்டுச் செடி எவ்வளவு வேகத்தில் வளர்கிறதோ அவ்வளவு வேகத்தில்தான் களையெடுக்க வேண்டும். 'பிராட்லி முறை' என்பது இதுதான்.

வேலை எப்படி நடக்கும்? வேரைச் சுற்றிச் சிறு கத்தியால் மண்ணை நெகிழ்த்தி, களையை முழு வேரோடு எடுப்பார்கள். குழியை மூடி, கையால் அழுத்தி, ஒதுக்கி வைத்த சருகை மறுபடி மேலே பரப்புவார்கள். பிடுங்கியது மண்ணைத் தொட்டால் மீண்டும் வேர்விடும் வகை என்றால் மரக்கிளையில் தொங்கவிடுவார்கள். அங்கே பெருந்தொல்லை தரும் களைகளில் ஒன்று லண்டானா, நம் ஊர் உண்ணிச்செடியேதான்! சிட்னியின் மணற்பாறை மண் இயல்பிலேயே பாஸ்பரஸ் குறைந்தது; பேங்ஸியா போன்ற நாட்டுச் செடிகளுக்கு அதுவே பழக்கம். வீட்டுத் தோட்ட உரம் மழைநீர் வடிகால் வழியே காட்டுக்குள் வந்தால் களைக்குத்தான் விருந்து.

இனி சொல்லுக்கு வருவோம். மீட்டல், மீட்பு இரண்டும் பிறவினையில் பிறந்தவை: யாரோ ஒருவர் இன்னொன்றை மீட்கிறார். மீட்சி தன்வினை: தானே மீள்வது. மூன்றாவது விதியைப் பாருங்கள், வேகத்தை முடிவு செய்வது காடு. அதனால் என் தேர்வு 'காட்டு மீட்சி'. அதற்கு உதவும் மனித வேலையைத் தனியே சொல்ல வேண்டுமானால் 'காட்டு மீட்சிப் பணி' எனலாம்.

'காடு வளர்ப்பு' இதற்குப் பொருந்தாது. அது கன்று நட்டு வளர்ப்பது. மியாவாக்கி முறையில் நெருக்கி நடும் 'குறுங்காடு' அதைவிடத் தள்ளி நிற்கிறது. ஜேசிபி வைத்துச் சீமைக்கருவேலத்தை ஒரே நாளில் வழிப்பதையும் சிலர் காடு மீட்பு என்று எழுதுகிறார்கள். வெற்றுமண்ணில் முதலில் முளைப்பது பெரும்பாலும் அதே சீமைக்கருவேலம்தான். அதற்குக் 'களை அகற்றல்' என்பதற்கு மேல் பெயர் தர எனக்கு மனமில்லை. மண்ணில் நாட்டு விதையே மிஞ்சாத இடத்தில் நடத்தான் வேண்டும். அங்கே 'மறுகாடாக்கம்' என்றே எழுதலாம்.

பயன்பாடு: 'ஓடைக்கரையில் காட்டு மீட்சிப் பணி நடக்கிறது, இந்த ஆண்டு கன்று எதுவும் நடவில்லை.'